கயிற்றேற்றமும் விமான இழுவையும்

சென்ற டிசம்பர்த் திங்களில் நம் கல்லூரிச் சொற்போர் மன்றத்தில் எடுத்துக்கொள்ளப்பெற்ற பொருளைக் கேள்வியுற்ற அன்பர் பலர் நகைத்தனர். எஞ்சின் இல்லாத விமானமாகிய கிளைடரைத் தரையிலிருந்து கயிற்றால் இழுத்து வானிலேற்றுவது நன்றா, எஞ்சின் உள்ள மற்றொரு விமானத்தின் பின்னே கட்டி இழுத்துச் செல்வது நன்றா என்பதே அப்பொருள். விமான நிலையமே இல்லாத திருப்பத்தூரில் இஃது என்ன வீண்வாதம் என்றார் ஒருவர். ஜோலார்பேட்டையில் ரயில் பிடிப்பதே பெரும்பாடாயிருக்க விமானம் எதற்கு என்றார் மற்றொருவர். ஆயினும் வாதம் வீணன்று. நம் பழைய மாணவர் சிலர் இவ்வட்டாரத்து மாணவர்க்கென ஒரு கிளைடர்க் கழகம் அமைக்கக் கருதி, முதற்கண் எதற்குப் பொருள் திரட்டுவது என்று மாணவரையே வினவியிருந்தனர். அவ்வினாவுக்கு விடையாகவே அன்றைய சொற்போர் நடந்தது. வாக்கெடுப்பில் விமான இழுவைக் கட்சி பெருவெற்றி பெற்றது. தோற்ற கட்சியில் நின்றோர் யாம். மேடையில் எமக்கு அளிக்கப்பெற்ற ஐந்து நிமிடத்தில் மணியடித்து உட்கார்த்திவிட்டமையால், சொல்லாது விடுத்தவற்றை இம்மலரின் வாயிலாகச் சொல்ல முன்வருகின்றோம்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்கு இதில் யாது வேலை என்று இயற்பியல் மாணவர் சிலர் வினவினர். ஏலகிரிக்கு ஏறும் சாலையின் 14 கொண்டையூசி வளைவுகளுக்குப் புலவர் பெயரும் வள்ளல் பெயரும் சூட்டி வைத்திருக்கும் மாவட்டத்தில் இவ்வினா எழலாகாது. மலையேறுவதற்குப் புலவர் துணை வேண்டுமெனின், அதற்கு மேலே ஏறுவதற்கு மட்டும் வேண்டாவோ? இஃது நிற்க.

கிளைடர் என்பது நீண்டு மெலிந்த இறக்கையுடையதோர் ஊர்தி. அதற்கு எஞ்சின் இல்லை. தன் எடையே அதனை முன்செலுத்தும். சரிவில் இறங்கும் மிதிவண்டி மிதியாமலே ஓடுதல்போல, அது காற்றில் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே முன்னோடும். சாதாரணப் பயிற்சிக் கிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 25 மீட்டர் முன்செல்லும். அஃது இறங்கும் வேகத்தினும் மிகுந்த வேகத்தில் காற்று மேலெழும் இடம் கிட்டின், அக்காற்றோடு தானும் மேலேறும். சித்திரை வைகாசித் திங்களில் நண்பகல் வேளையில் ஆம்பூர் வாணியம்பாடிச் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தவர், பருந்துகள் இறக்கையை அசையாது வைத்து வட்டமிட்டு உயர்ந்துகொண்டே போவதைக் கண்டிருப்பர். வெயிலிற் காய்ந்த பாறைக் குன்றுகளின் மேலும், வறண்ட பாலாற்று மணலின் மேலும் சூடேறிய காற்று தூண்போல் எழுகிறது; பருந்து அத்தூணைச் சுற்றி ஏறுகிறது. கிளைடர் ஓட்டுநரும் அதனையே செய்வர். வேலூர் வெயிலென்று நாடு முழுதும் ஏசப்பெறும் அவ்வெயில், பறப்போர்க்குப் பெருஞ்செல்வம் என்க.

ஆனால் அத்தூணை எட்டுமட்டும் முதலில் உயரவேண்டுமே. அவ்வுயரத்தை யார் தருவது? இதுவே கிளைடர் தோன்றிய நாள்தொட்டு உள்ள இடர். ஜெர்மனியரான ஓட்டோ லிலியென்தால் பெர்லின் அருகே மண்ணைக் குவித்து ஒரு செயற்கைக் குன்றே எழுப்பி, அதனின்றும் இறக்கை தாங்கிக் குதித்துப் பழகினார். 1896இல் மற்றொரு குன்றினின்றும் பறக்கும்போது வீழ்ந்து மறைந்தார். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனிக்கு எஞ்சின் விமானம் செய்யும் உரிமை பறிக்கப்படவே, அந்நாட்டு மாணவர் கூட்டம் கூட்டமாக வாஸர்குப்பே என்னும் மலைக்குச் சென்று, 1920 முதல் ஆண்டுதோறும் கிளைடர்ப் போட்டி நடத்தலாயினர். ஒரு தடித்த ரப்பர் வடத்தின் நடுவைக் கிளைடரின் மூக்கில் மாட்டி, இரு முனைகளையும் பற்றிய இளைஞர் மலைச்சரிவை நோக்கி ஓடுவர். உண்டிவில்லினின்று கல் பாய்வதுபோல் கிளைடர் பாயும். பின்னர் 1927இல் கெர்ஹார்ட் ஃபீஸெலர் என்பார் எஞ்சின் விமானத்தை ஓட்ட, அதன்பின்னே கயிற்றால் பிணிக்கப்பெற்ற கிளைடரில் கோட்லோப் எஸ்பென்லாப் என்பார் எழுந்தார். விமான இழுவையின் பிறப்பு அது. சமநிலத்தில் பறக்க விழைந்தோர்க்கு வின்ச் என்னும் இழுபொறி பரவியதும் அதனையடுத்த சில ஆண்டுகளிலேயே. இன்றுகாறும் இவ்விரண்டுமே பெருவழக்கு. ஜெர்மனியில் வின்ச் மிகுதி. அமெரிக்காவில் விமான இழுவை மிகுதி.

வின்ச் என்பதனை நம் பாட்டனார் காலத்து உழவர் நொடியில் விளங்கிக்கொள்வர். கவலை ஏற்றத்தில் எருதுகள் சரிவில் இறங்க, உருளையின்மேல் ஓடும் வடம் கிணற்றினுள்ளிருக்கும் தோற்சாலை மேலே கொணருமன்றோ? இங்கே எருதுகளுக்கு ஈடாக லாரி எஞ்சின் போன்றதொரு எஞ்சின். கிணற்றுக்கு ஈடாக ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள களம். களத்தின் ஒரு கோடியில் எஞ்சினும் கயிறு சுற்றும் டிரம்மும், மறுகோடியில் கிளைடர். எஞ்சின் கயிற்றைச் சுற்றியிழுக்கத் தொடங்கிய மூன்று நான்கு நொடியில் கிளைடர் பறக்கும் வேகத்தை அடைந்துவிடும். பிறகு சிறுவன் நூலை இழுத்துக்கொண்டு ஓடப் பட்டம் ஏறுவதுபோல் மூக்கை நிமிர்த்தி ஏறும். முப்பது நாற்பது நொடியில் எல்லாம் முடிந்துபோம். கயிற்றின் நீளத்தில் மூன்றிலொரு பங்கிற்குக் குறையாத உயரம் கிட்டும். எதிர்காற்று நன்றாயின் பாதிக்கு அருகிலும் போகலாம். உச்சியில் ஓட்டுநர் கயிற்றைக் கழற்றிவிட, கயிற்றின் நுனியிலுள்ள சிறு பாராசூட் விரிந்து அதனை மெல்ல இறக்கும். முன்னாளில் இரும்புக் கம்பியே பயன்பட்டது. இந்நாளில் டைனீமா என்னும் செயற்கை இழைக் கயிறு அதனினும் மிக இலேசாய் வந்துவிட்டமையால் இன்னும் சற்று உயரம் கிட்டுகிறது.

விமான இழுவையைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டுவதில்லை. 50 மீட்டர் அளவுள்ள கயிற்றால் முன்விமானத்தோடு பிணிக்கப்பெற்ற கிளைடர் அதன்பின்னே செல்லும். ஐந்தாறு நிமிடத்தில் 600 மீட்டர் உயரத்தை எய்தியதும் கயிற்றைக் கழற்றிவிட்டுப் பிரியும். முன்விமானம் கயிற்றோடு இறங்கிவந்து அடுத்த கிளைடருக்குக் காத்துநிற்கும்.

சொற்போரில் எதிர்க்கட்சியார் எடுத்துரைத்தவற்றை மறைக்க யாம் விரும்பவில்லை. விமான இழுவையில் உயரம் மிகுதி. விரும்பிய இடத்திற்கே கொண்டுபோய் விடலாம். ஏலகிரியின் சரிவில் மோதி எழும் காற்றைத் தேடுவோரை அம்மலையருகிலேயே விட்டுவரலாம். வின்ச்சோ களத்தின் தலைக்குமேல் விடுவதன்றி வேறறியாது. அங்கே மேலெழும் காற்று இல்லையாயின் ஆறேழு நிமிடத்தில் மீண்டும் தரைதான். இவையனைத்தும் உண்மை. 2018 செப்டம்பரில் தென்னமெரிக்காவின் அர்ஜென்டீனா நாட்டில் பெர்லான் 2 என்னும் கிளைடர் 22 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டியதும், தனிச்சிறப்புடையதோர் விமானம் அதனைப் பெருமளவு உயரத்திற்கு இழுத்துச் சென்று விட்ட பின்னரேயாம். எந்த வின்ச்சும் அதனைச் செய்திராது. ஆனால் நாம் அர்ஜென்டீனா செல்வோம் அல்லோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் கூடங்களிலும் காலணி செய்யும் ஆலைகளிலும் நாட்கூலி பெறும் பெற்றோரின் மக்கள் நம் வகுப்புகளில் எத்துணைப் பேர் என்பதை ஆசிரியர்கள் அறிவர். அவர்களுள் ஒருவன் வானத்தில் ஏறவேண்டுமெனின் எவ்வழி என்பதே எமக்கு வினா.

பெட்ரோல் கணக்கே முதலிற் பேசுவோம். கிளைடரை இழுக்கும் விமானம் ஒருமுறை 600 மீட்டர் ஏறி இறங்குவதற்கு ஏழெட்டு லிட்டர் எரிபொருள் வேண்டும். வின்ச் ஒருமுறை இழுப்பதற்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் போதும். அவ்வேழெட்டு லிட்டரும் பெரும்பாலும் ஏவ்காஸ் என்னும் விமானப் பெட்ரோலாக இருத்தல் வேண்டும். இந்தியன் ஆயில் நிறுவனம் 2022இல் அதனை நம் நாட்டிலேயே செய்து விற்பனைக்குக் கொணருமட்டும் அது வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இன்றும் எல்லா ஊரிலும் கிடைப்பதன்று. வின்ச்சின் எஞ்சினுக்கோ தேசிய நெடுஞ்சாலையில் உள்ள பங்க் எதுவும் போதும். எரிபொருளை விட்டாலும், இழுக்கும் விமானத்தை வாங்கவேண்டும், கொட்டகையில் நிறுத்தவேண்டும், உரிமம் பெற்ற பொறியாளரைக் கொண்டு குறித்த மணிக்கொருமுறை சோதிக்கவேண்டும், உரிமம் பெற்ற விமானி ஒருவரை அமர்த்தவேண்டும். அவ்விமானி வாராத நாளில் கழகமே மூடிக்கிடக்கும். வின்ச்சின் எஞ்சின் பழுதாயின் வாணியம்பாடியில் லாரி மெக்கானிக் யாரையேனும் அழைத்து வரலாம்.

இனி, கற்போன் கற்பது யாது என்று நோக்குவோம். பறத்தல் எளிது, இறங்குதலே அரிது. எஞ்சின் உள்ள விமானத்தில் தவறாக அணுகினால் மீண்டும் ஒருமுறை உயர்ந்து சுற்றிவரலாம். கிளைடரில் அது கூடாது. இறங்கத் தொடங்கினால் இறங்கியே தீரவேண்டும். ஆகவே இறங்குதலைப் பலமுறை பழகினாலன்றித் தனியே விடமாட்டார்கள். அது பெரும்பாலும் ஐம்பது ஏற்றத்திற்கு மேற்பட்டே நிகழும். ஒரு நாளில் எத்தனை ஏற்றம் கிட்டுகிறதோ அத்தனை இறக்கம் கிட்டும். வின்ச் ஒன்று நன்கு நடந்தால் ஏழெட்டு நிமிடத்திற்கு ஒருமுறை இழுத்துவிடலாம். காலையில் மூவர் நால்வர் பழகும் இடத்தில் இருபதின்மர் பழகலாம். வானிலே தங்கும் நேரம் குறைவு என்பதைக் குற்றமாகச் சொன்ன எதிர்க்கட்சி நண்பர், புதிதாய்க் கற்போனுக்கு அதுவே குணம் என்பதை நோக்கிற்றிலர். நீண்டு பறக்க வல்லவர் ஆனபின் அவர் வேண்டுமானால் இழுவைக்குப் பொருள் செலவிடட்டும்.

ஆயினும் செலவை மட்டும் கருதி யாம் இக்கட்சியில் நின்றோம் அல்லோம். விமான இழுவைக் களத்தில் ஒருவன் செல்கிறான், பணம் கட்டுகிறான், கிளைடரில் ஏறுகிறான், ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்துச் சிறிது தூரம் ஓடுகிறார், அவ்வளவே. அவன் வாடிக்கைக்காரன். வின்ச்க் களத்தில் அங்ஙனம் நடவாது. ஒரு கிளைடர் ஏறுவதற்கு வின்ச் ஓட்டுநர் ஒருவர் வேண்டும். இறக்கை பிடிப்போர் ஒருவர். கயிற்றை மாட்டுவோர் ஒருவர். வானத்தையும் களத்தையும் கண்ணாற் கவனித்துக் குறிசொல்வோர் ஒருவர். வீழ்ந்த கயிற்றின் முனையை மீண்டும் ஒரு கிலோமீட்டர் இழுத்துவர ஜீப் ஓட்டுவோர் ஒருவர். எத்தனையாவது ஏற்றம், யார், எந்நேரம் என்று ஏட்டில் எழுதுவோர் ஒருவர். ஆறு பேர் தரையில் உழைத்தால் ஒருவர் அல்லது இருவர் பறப்பர். பின்னர் முறை மாறும். தேர் இழுப்பது போலாம் இது. மருத்துவக் குடும்பத்துப் பிள்ளையாயினும் தோற்கூடத் தொழிலாளி மகனாயினும் கயிறு இழுக்காது பறத்தல் இயலாது. இழுத்தவனைப் பறக்கவிடாமலும் இருத்தல் இயலாது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பள்ளிச் சிறுவர் நாள் முழுதும் களத்தில் இவ்வேலைகளைச் செய்து, மாலையில் தம் முறைக்குக் காத்துநிற்பது கழகங்களில் வழக்கம். கழகம் என்ற சொல்லுக்கு எம்மனோர் பாடத்தில் படிக்கும் பொருளை அங்குதான் காண்கின்றோம்.

இதுகாறும் எழுதியதைப் படித்த எம் விடுதித் தோழர் ஒருவர், ஆபத்தைப் பற்றி ஒருசொல்லும் இல்லையே என்றார். நேர்மையாகச் சொல்லின் வின்ச்சிற்கு எதிரான வலிய வாதம் அதுவே. வியப்பென்னவெனில் அன்றைய சொற்போரில் எதிர்க்கட்சியார் அதனைத் தொடவேயில்லை. யாமே தொடுகின்றோம்.

வின்ச் ஏற்றம் விரைவானது. விரைவினால் தவறுக்கு இடம் கொடாதது. கிளைடர் தரையில் ஓடத் தொடங்கும் முதல் இரண்டு நொடியில் ஓர் இறக்கை சாய்ந்து புல்லிற் பட்டால், பெருவேகத்தில் இழுக்கும் கயிறு அதனைச் சுழற்றிப் புரட்டிவிடும். இறக்கை தாழ்வதைக் கண்டதும் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். பிறகு பார்ப்போம் என்று நிற்றல் கூடாது. ஆதலின் ஓட்டுநரின் இடக்கை கயிறு கழற்றும் மஞ்சள் குமிழின்மேலேயே இருத்தல் வேண்டுமென்பது விதி. தரையை விட்டவுடன் ஆசையால் மூக்கைத் திடுமென நிமிர்த்தினால் இறக்கை காற்றைப் பற்றும் ஆற்றலை இழந்துவிடும். அவ்வுயரத்தில் மீள வழியில்லை. ஏறும்போதே கயிறு அறுந்தாலோ, மூக்கு வானை நோக்கியிருக்க வேகம் நொடிக்கு நொடி குறையும். அப்போது ஓட்டுநர் செய்யவேண்டியது உடனே மூக்கைத் தாழ்த்தி, வேகம் மீளுமட்டும் திரும்பாது காத்தல். மனித இயல்போ அதற்கு மாறானது. தரை அருகில் தெரியும்போது மூக்கைத் தாழ்த்தக் கை வராது. கயிறு அறுதல் அரிதன்று. கிளைடரின் வலிமைக்கு மிஞ்சிய இழுப்பு வந்தால் முதலில் அதுவே அறுமாறு வண்ணம் குறித்த ஒரு மெலிந்த இணைப்பை வேண்டுமென்றே கயிற்றில் வைத்திருப்பர்.

இதனால் வின்ச்சை விலக்கிவிடலாமோ? பிரிட்டனின் கிளைடர்ச் சங்கத்தார் தம் நாட்டில் நிகழ்ந்த வின்ச் விபத்துக்களை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, அவை மேற்சொன்ன சில தவறுகளாகவே மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு, 2005இல் ஒரு பெருமுயற்சி தொடங்கினர். புதிய பொறி எதனையும் வாங்கச் சொன்னாரல்லர். இறக்கை தாழ்ந்தால் கழற்று, மெல்ல நிமிர்த்து, அறுந்தால் மூக்கைத் தாழ்த்து என்பவற்றையே எல்லாக் கழகத்திலும் ஒரேவகையாய்க் கற்பித்தனர். உயிர்ச்சேதமும் கடுங்காயமும் விளைக்கும் வின்ச் விபத்துக்கள் அதன்பின் வெகுவாகக் குறைந்தன. இதனினும் தெளிவான சான்று எமக்கு வேண்டுவதில்லை. வின்ச்சின் ஆபத்து அறியாமையின் ஆபத்து; பயிற்சியால் பெரும்பகுதி விலகுவது. விமான இழுவையிலும் ஆபத்து உண்டு, அது வேறுவகையது. பின்னேவரும் கிளைடர் கவனமின்றி மேலே உயர்ந்துவிட்டால், கயிறு முன்விமானத்தின் வாலைத் தூக்கிவிடும். அதன் மூக்கு தரையை நோக்கிக் கவிழும். உயரம் குறைவாயிருப்பின் முன்விமானிக்கு மீட்சியில்லை. கற்போன் செய்த பிழைக்குக் கற்பியாத ஒருவர் உயிர் கொடுக்க நேரும். வின்ச்சில் பிழை செய்தவன் தன்னையும் தன்னோடு இருப்பவரையுமே இடருக்குள்ளாக்குகிறான். இரண்டையும் எடைபோட்டால் எது தாழும் என்று யாம் துணிந்து கூறமாட்டோம்; ஆனால் ஒன்றில் மட்டுமே ஆபத்து என்பார் கூற்றை ஒப்போம்.

ஆகவே, வின்ச் வாங்குவதாயின் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்த பயிற்சியாளர்க்கென ஒதுக்கிவிடுதல் வேண்டும். கயிறு அறுதலை வேண்டுமென்றே பயிற்சியாளர் செய்துகாட்ட, மாணவன் பலமுறை மூக்கைத் தாழ்த்திப் பழகாத வரையில் தனியே விடலாகாது. இதற்கு இசையாதார் வின்ச்சையும் வாங்கவேண்டா. பொறியை மட்டும் வாங்கிப் பூசை போட்டுப் படம் எடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் பணமில்லை என்று கைவிரிக்கும் வழக்கம் எங்கும் உண்டு. நம் ஊரிலும் உண்டு.

இடம் எங்கே என்பது அடுத்த வினா. அன்று மேடையில் வேலூர் அப்துல்லாபுரத்து ஓடுதளத்தைப் பலரும் எடுத்துக் கூறினர். ஆங்கிலேயர் காலத்தில் அமைக்கப்பெற்ற அவ்வோடுதளத்தில் மெட்ராஸ் பிளையிங் கிளப்பார் சில ஆண்டுகள் விமானப் பயிற்சி நடத்தியதும் உண்மையே. ஆனால் உடான் திட்டத்தின்கீழ்ச் சிறு பயணிகள் விமானங்களுக்கெனச் செப்பனிடப்பெற்றது அவ்விடம். ஒரு கிலோமீட்டர் கயிறு விரிந்து கிடக்கும் களத்தில் பயணிகள் விமானம் இறங்கலாகாது. பயணிகள் விமானம் வரும் களத்தில் கயிறு விரிக்க இசைவு கிட்டுதல் அரிது. எதிர்க்கட்சியார்க்கு இங்கே ஒரு வெற்றி என்று ஒப்புக்கொள்கின்றோம்: இழுவை விமானமாயின் பிற விமானங்களோடு ஓடுதளத்தைப் பகிர்ந்துகொள்ளும். வின்ச்சிற்குத் தனிக்களம் வேண்டும். நீண்ட, மேடுபள்ளமற்ற, மின்கம்பிகள் குறுக்கிடாத, ஆடுமாடும் மக்களும் குறுக்கே நடவாத புல்வெளி ஒன்று இம்மாவட்டத்தில் எளிதிற் கிட்டுமென்று யாம் பொய் கூறமாட்டோம். பாலாற்றுச் சமவெளி குறுகியது. இருபுறமும் மலை, நடுவே நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும். ஏரிப்படுகை கோடையில் வறண்டு கிடக்கிறதே என்பர் சிலர். ஏரியை நிரப்ப வழிதேடுவதன்றி அதனை விமானக் களமாக்க வழிதேடுதல் எமக்கு உடன்பாடன்று. ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் இடைப்பட்ட திருப்பத்தூர்ச் சமவெளியில் தேடினால் கிட்டலாம் என்று எண்ணுகின்றோம். ஜவ்வாது மலைமேல் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியால் விண்மீன்களை நோக்கும் இடம் அமைந்ததற்கும், இவ்வட்டாரத்து வானம் தெளிந்திருப்பதே காரணம். இரவில் விண்மீன் காண்போர்க்கு உதவும் வானம் பகலில் பறப்போர்க்கு உதவாது போமோ?

வின்ச் முறை இந்நாட்டிற்குப் புதிதன்று என்பதும் மேடையில் மறக்கப்பெற்றது. புனே நகரின் ஹடப்ஸரில் அரசாங்கம் 1950இல் அமைத்த கிளைடர் நிலையத்தில் தலைமுறை தலைமுறையாக மாணவரை வானிலேற்றியது வின்ச்சேயாம். அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவிலும் பல்லாண்டுக் காலம் கல்லூரி மாணவர் முதன்முதல் வானம் கண்டது வின்ச்க் கயிற்றின் முனையிலேயே. அவர்கள் ஏறிய கிளைடர்களுள் ரோஹிணி என்பது நம் நாட்டிலேயே வரையப்பெற்று 1961இல் முதன்முதல் பறந்தது. விமானப் போக்குவரத்துத் துறையில் அதனை வரைந்தவர் எஸ். ராமாமிர்தம். ஆசிரியரும் மாணவரும் ஒருவர்பின் ஒருவராயன்றி அருகருகே அமருமாறு அதனை அமைத்தார். மாணவன் கை தவறுவதை ஆசிரியர் கண்ணாற் காணலாம். நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிணிகள் செய்யப்பெற்றன. பின்னர் மாணவர் படை எஞ்சினுடைய மைக்ரோலைட் விமானங்களுக்கு மாறிற்று. மாறியது தவறென்று சொல்ல எமக்குத் தகுதியில்லை. ஆனால் இன்று நம் படைப்பிரிவு மாணவர் ஒருவர்க்கு வானில் கிட்டும் நேரம் எத்துணை என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். கேட்டபின் எம் கட்சிக்கு வாக்களிப்பீர்கள்.

சொற்போரில் தோற்ற மறுவாரம் யாம் மூவர் வாணியம்பாடி சென்று, லாரி எஞ்சின் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரைக் கண்டு, பழைய எஞ்சின் ஒன்றால் ஒரு கிலோமீட்டர் கயிற்றை அரை நிமிடத்தில் சுற்ற இயலுமா என்று வினவினோம். பைத்தியக்காரப் பிள்ளைகள் என்று விரட்டுவார் என அஞ்சினோம். அவர் கைத்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே, "எஞ்சின் பிரச்சினை இல்ல தம்பி, டிரம்மைச் சொல்லுங்க. எவ்வளவு அகலம்? கயிறு ஒரு பக்கமாச் சுத்திக்கிச்சுன்னா நடுவுல சிக்கிக்கும். அறுந்து திரும்பி வந்தா ஓட்டுறவன் மூஞ்சியில அடிக்கும். முன்னாடி கூண்டு போடணும், சட்டுனு கயித்தை வெட்டுறதுக்கு ஒரு கத்தியும் வைக்கணும்" என்றார். வின்ச் ஒன்றையேனும் கண்டறியாத அப்பெரியவர், ஜெர்மனியர் தம் வின்ச்சில் வைத்திருக்கும் கூண்டையும் கயிறு வெட்டியையும் தாமே எண்ணிச் சொன்னது கண்டு யாம் வாயடைத்து நின்றோம். "பாய், செலவு எவ்வளவு ஆகும்?" என்று எம்முள் ஒருவர் கேட்டார். களத்தை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள், அதன்பின் சொல்கிறேன் என்று அவர் மீண்டும் எஞ்சினுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். களம் தேடும் பணியை இவ்விடுமுறையில் தொடங்கியுள்ளோம். மாவட்டத்தில் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தரிசு நிலம் அறிந்த பழைய மாணவர் எவரேனும் இருப்பின், மலர் ஆசிரியர்க்கு ஒரு வரி எழுதியனுப்புமாறு வேண்டுகின்றோம்.